தூத்துக்குடித் துறையில் மூடாத கணக்கு

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் அந்தப் பெயர்தான். பலகையைப் பார்க்கிறோம், பூரிக்கிறோம். பலகைக்குப் பின்னாலும் பார்க்கிறோம். நிலக்கரி இறங்குகிறது, உரம் இறங்குகிறது, பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏறுகிறது. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கைமாறும் துறை அது. ஆனால், தோளிலே ஒரு மூட்டையும் கையிலே ஒரு பிள்ளையுமாக ஒரு தமிழன் வந்து நின்று, கொழும்புக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள் என்று கேட்டால்? கொடுப்பதற்குக் கப்பல் இல்லை!

இருந்ததே என்பீர்கள். ஆம், இருந்தது. 2011 ஜூன் 13ஆம் நாள், ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெருங்கப்பல், ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. நடுவண் அமைச்சர் வந்து கொடியசைத்தார். இனி என்ன குறை என்று ஊரே மகிழ்ந்தது. நவம்பர் வந்தது. கப்பல் நின்றது. ஆறு மாதம்கூட நிரம்பவில்லை! ஆள் போதவில்லை என்றார்கள். வரவு செலவுக்குப் பற்றவில்லை என்றார்கள். அதன்பின் வருகிறது, வருகிறது என்று பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கப்பல் வரவில்லை.

ஏன் நின்றது? இனி ஓடுமா? ஓடத் தொடங்கினாலும் நிற்காமல் ஓடுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி நாம் வெளிநாட்டு அறிஞர்களிடம் போகவேண்டியதில்லை. பலகையிலே இருக்கிற பெயருக்கு உரியவருடைய வாழ்க்கையைப் படித்தால் போதும். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்துவிட்டார். தம் செல்வத்தையும் உடலையும் குடும்பத்தையும் வைத்துப் போட்டுப் பார்த்தார்.

தோழர்களில் சிலர் கேட்கக்கூடும்: அவர் காங்கிரஸ்காரர் ஆயிற்றே, நம் ஏட்டில் அவர் வாழ்க்கை எதற்கு? நேர்மையான கேள்வி. அதற்கு விடை இந்தக் கட்டுரையிலேயே வரும். இப்போதைக்கு ஒன்று சொல்வோம். தமிழனுக்காக உழைத்தவரை எந்தக் கட்சிப் பட்டியலில் இருந்தார் என்று பார்த்து ஒதுக்குகிற வழக்கம் நமக்கு இல்லை. அவரை மறந்தவர்கள் யார், நினைத்தவர்கள் யார் என்று பார்க்கிற வழக்கம் உண்டு!

ஒட்டப்பிடாரம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். கரிசல் மண். அங்கே 1872 செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாதப் பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் பிறந்தார் சிதம்பரனார். தந்தை வக்கீல். வீட்டிலே வசதி உண்டு. மகனும் சட்டம் படித்தார், தேறினார், ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் நடத்தினார். பணம் கொடுப்பவன் பக்கம் சாய்ந்திருந்தால் மாளிகை மேல் மாளிகை கட்டியிருக்கலாம். அவரோ ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வழக்காடினார். போலீசார் புனைந்த வழக்குகளை உடைத்தார். அதிகாரிகளின் பகை வளர்ந்தது. 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அந்த நாளில் தூத்துக்குடி எப்படி இருந்தது? தண்டவாளம் வந்து சேர்ந்திருந்தது. பருத்தி அழுத்தும் ஆலைகளும் நூல் ஆலையும் எழுந்திருந்தன. கடல் ஆழமில்லாத துறை. ஆகவே பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். கரையிலிருந்து தோணியும் படகும் ஆளையும் பொருளையும் சுமந்துகொண்டு போகும். யார் போனார்கள் அந்தக் கப்பலில்? உல்லாசத்துக்குக் கடல் காணப் போனவர்களா? இல்லை. மழை பொய்த்த சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவன் போனான். கொழும்பிலே கடை வைத்திருந்த வணிகனின் கணக்குப்பிள்ளை போனான். அரிசியும் கருவாடும் வெங்காயமும் துணியும் போயின. தமிழனின் வயிற்றுப் பாட்டை ஏற்றிச் சென்ற கப்பல் அது.

ஆனால் கப்பல் யாருடையது? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. ஏறுகிறவன் தமிழன், சரக்கு தமிழனுடையது, தோணி தள்ளுகிறவன் தமிழன், டிக்கெட் பணம் மட்டும் கடல் கடந்து போகும்! அவர்கள் வைத்ததே கட்டணம். போட்டியில்லாத வணிகம் அரசனுக்கு நிகர். கேட்பாரில்லை.

1905இல் வங்கத்தைப் பிளந்தான் வெள்ளையன். சுதேசி என்ற சொல் நாடெங்கும் பரவிற்று. அந்நியத் துணியைக் கொளுத்து என்றார்கள். கொளுத்தினார்கள். சிதம்பரனார் கொளுத்துவதோடு நிற்கவில்லை. கொளுத்திய இடத்தில் எதை வைப்பது என்று கேட்டார். நெசவுச் சாலை கண்டார். பண்டகசாலை கண்டார். கடைசியாகக் கைவைத்தது வெள்ளையன் ஆட்சிக்கு ஆணிவேராக இருந்த இடத்தில், அதாவது கப்பலில்! கடல் அவன் கையில் இருக்கும்வரை கரை நம் கையில் இராது என்பதை அவர் கண்டுகொண்டார். கல்லெறிவது எளிது. கம்பெனி நடத்துவது கடினம். கடினமானதையே அவர் எடுத்தார்.

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் பங்காக வைத்திருந்தால் சில நூறு செல்வரோடு வேலை முடிந்திருக்கும். 25 ரூபாய் என்று வைத்ததால் சிறு வணிகரும் சேமிப்புள்ள நடுத்தரக் குடும்பத்தாரும் பங்காளியாக முடிந்தது. கப்பல் செல்வனுடைய சொத்தாக இருக்கலாகாது, ஊராருடைய சொத்தாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதிலே இருந்தது. இந்தியர் மட்டுமல்ல, இலங்கையரும் மற்ற ஆசிய நாட்டினரும் பங்கு வாங்கலாம் என்று விதி வைத்தார்கள். கப்பல் ஓட்டுவதோடு நில்லாமல், நம் இளைஞருக்குக் கப்பல் செலுத்தவும் கப்பல் கட்டவும் பயிற்சி தருவதும் நோக்கம் என்று எழுதிவைத்தார்கள். டிக்கெட் விற்பவனாக மட்டுமல்ல, சுக்கான் பிடிப்பவனாகவும் தமிழன் ஆகவேண்டும் என்று 1906இலேயே எண்ணியவர் அவர்!

தலைவராக மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற இசுலாமியப் பெருந்தகை 8,000 பங்குகளை வாங்கினார். 2 லட்சம் ரூபாய். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே கை தந்த கொடை! செயலாளர் பொறுப்பு அவருக்கு. ஓடியாடி உழைக்கும் துணைச் செயலாளர் பொறுப்பு சிதம்பரனாருக்கு. தேவரும் சேட்டும் பிள்ளையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தமிழன் கப்பலுக்குத் திட்டமிட்டார்கள். மதத்தைச் சொல்லி மக்களைப் பிரித்து அரசியல் நடத்துகிறவர்கள் அந்த மேசையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பொறுப்பார்களா வெள்ளை வணிகர்கள்? அந்தக் கம்பெனியை மிரட்டினார்கள். வாடகைக் கப்பல் பறிபோயிற்று. இரவல் கலத்தை நம்பிக் கடலில் இறங்கக்கூடாது என்பது அன்று கிடைத்த பாடம். சொந்தக் கப்பல் வாங்காமல் திரும்புவதில்லை என்ற உறுதியோடு பம்பாய்க்குப் புறப்பட்டார் சிதம்பரனார். வீட்டிலே மனைவி கருவுற்றிருந்தார், மகன் நோயுற்றிருந்தான் என்று சொல்வார்கள். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. காலியாவில் சுமார் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டை சரக்கு ஏறும். கரையெல்லாம் மக்கள். கண்ணெல்லாம் நீர். கொழும்புக்குப் போகிற தமிழன் முதன்முறையாகத் தன் பங்குப் பணத்தில் வந்த கப்பலில் ஏறினான்.

இனித்தான் தோழர்கள் கவனிக்கவேண்டிய கட்டம். வெள்ளைக் கம்பெனி பீரங்கி கொண்டுவரவில்லை. கட்டணத்தைக் குறைத்தது! ஒரு ரூபாய்க்கு இறக்கிற்று. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கிற்று. வெள்ளைக் கம்பெனி காசே வேண்டாம் என்றது. வருகிறவனுக்குக் குடை ஒன்று இலவசம் என்றது! எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை ஏழையிடம் கறந்த கம்பெனிக்கு இன்று ஏழைமீது ஏன் இந்தக் கருணை? குடைக்குக் காசு எங்கிருந்து வந்தது? உலகெங்கும் கப்பல் ஓட்டிக் குவித்த இலாபத்திலிருந்து வந்தது. தூத்துக்குடியில் பத்தாண்டு நட்டப்பட்டாலும் அவர்களால் தாங்க முடியும். 25 ரூபாய்ப் பங்காளிகளால் பத்து மாதம் தாங்க முடியுமா? வணிகப் போட்டி என்பது எப்போதும் திறமைக்கும் திறமைக்கும் நடக்கிற போட்டி அல்ல. பல நேரங்களில் யார் அதிக நாள் நட்டம் தாங்குவது என்கிற போட்டி. பெருமுதலாளி சிறு முதலாளியை விழுங்குவது இப்படித்தான். இன்றைக்கும் இப்படித்தான்.

கட்டணப் போர் போதாதென்று அதிகாரிகளும் கைகொடுத்தார்கள், யாருக்கு என்று சொல்லவேண்டுமா? துறைமுகத்திலே தடங்கல், சோதனையிலே கெடுபிடி, அரசுப் பணியாளருக்கு மறைமுக எச்சரிக்கை. அப்படியிருந்தும் மக்கள் சுதேசிக் கப்பலை நாடினார்கள். இலவசக் குடையை விட்டுவிட்டு எட்டணா கொடுத்து ஏறினவன் இருந்தானே, அந்தப் பெயரில்லாத தமிழன், அவனுக்கும் ஒரு சிலை வைக்கவேண்டும் என்று தோன்றுகிறது நமக்கு.

அவன் ஏன் ஏறினான்? சிதம்பரனார் அவனுடைய துன்பத்தையும் தம்முடையதாகக் கொண்டதால் ஏறினான். 1908 பிப்ரவரி 27ஆம் நாள், தூத்துக்குடி கோரல் நூல் ஆலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டாளிகள். வெள்ளையர் ஆலை. கூலி குறைவு, நேரம் அதிகம், வாரத்தில் ஒருநாள் ஓய்வுகூட இல்லை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆதரவல்ல. வேலையிழந்தவனுக்குச் சோறு போட ஊரிலே நிதி திரட்டினார்கள், மாற்றுவேலை தேடித் தந்தார்கள். ஒன்பதே நாளில் ஆலை நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வார ஓய்வு கிடைத்தது. தென்னாட்டில் தொழிற்சங்கம் என்ற பெயரே சரிவர வழங்காத காலம். 1918இல் சென்னையில் தொழிற்சங்கம் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னதாக நடந்தது இது!

வெள்ளையனுக்கு இப்போதுதான் உண்மையான அச்சம் வந்தது. கப்பல் மட்டும் என்றால் கட்டணத்தைக் குறைத்துக் கொன்றுவிடலாம். கப்பல்காரனும் ஆலைத் தொழிலாளியும் கைகோத்துவிட்டால்? வணிகமும் உழைப்பும் ஒரே அணியில் வந்துவிட்டால்? கம்பெனியின் பெரியவர்களில் சிலரும் அஞ்சினார்கள். அரசியலை விட்டுவிட்டு வணிகத்தைப் பாரும் என்று நெருக்கினார்கள். அவர் விடவில்லை.

1908 மார்ச் 9ஆம் நாள், விபின் சந்திர பாலர் விடுதலையை ஒட்டி, தடையை மீறி விழாவெடுத்தார். மார்ச் 12ஆம் நாள் திருநெல்வேலியில் கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் தீக்கிரையாயின. துப்பாக்கி வெடித்தது. நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் வெளியே வந்தார்கள். வண்டிக்காரர், நகராட்சித் துப்புரவாளர், இறைச்சிக் கடைக்காரர் எனப் பல தொழிலாரும் வேலையை நிறுத்தினார்கள். தங்கள் கூலிக்காக அல்ல, தங்களுக்காகச் சிறை போனவருக்காக! படித்தவர் பலர் வாய்மூடி இருந்தபோது, படிக்காத பாட்டாளி வேலையை நிறுத்திக் குரல் கொடுத்தான்.

வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தீவாந்தரம், சிவாவுக்கு உதவியதற்கு இன்னோர் ஆயுள் தீவாந்தரம். மனிதனுக்கு உள்ளது ஓர் ஆயுள்தானே! செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். கடைசிவரை தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறை. மாடு இழுக்கவேண்டிய செக்கை, வக்கீலும் கப்பல் கம்பெனிச் செயலருமான மனிதர் இழுத்தார். வெயிலிலே இழுத்தார். சணல் கிழித்துக் கை புண்ணாயிற்று. பிறகு கண்ணனூர்ச் சிறை. அந்த நிலையிலும் அவர் எழுதினார், மொழிபெயர்த்தார், உடன் இருந்த கைதிகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்.

அவர் செக்கிழுத்த நாளில் கரையிலே என்ன நடந்தது? தலைவர் இல்லாத கம்பெனி தள்ளாடிற்று. ஊக்குவித்த செல்வர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடன் ஏறிற்று. 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்கள் விலைபோயின. ஏற்றிய கொடி இறங்கிற்று. ஐந்தே ஆண்டு! சிறைக்குள்ளே இருந்த மனிதனுக்கு அந்தச் செய்தி செக்கைவிடக் கனத்திருக்கும்.

1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை. கைதான அன்று ஊரே எரிந்தது. விடுதலையான அன்று சிறை வாயிலில் கூட்டமில்லை. குடும்பத்தாரும் சில நண்பர்களும்தான். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பத் தடை. சொத்தெல்லாம் கரைந்துவிட்டது. சென்னைக்கு வந்தார். அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டித் தந்த சிறுதொகை காந்தியார் வழியாக வந்துசேரக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதிக் காத்திருக்க நேர்ந்தது. கடைசியில் 1916இல் வந்தது 347 ரூபாய்ச் சொச்சம். 10 லட்சம் ரூபாய் மூலதனத்தைத் திரட்டிய கைகள் அந்த 347 ரூபாய்க்குக் காத்துக் கிடந்தன!

ஆனால் ஓய்ந்தாரா? சென்னைத் தொழிற்சங்க மேடைகளிலே நின்றார். மெய்யறம் எழுதினார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். வயிறு காய்ந்த நிலையில் ஓலைச்சுவடியும் கையுமாக இருந்த தமிழர் அவர்.

இப்போது தோழர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். காங்கிரஸ்காரர்தான், மறுக்கவில்லை. 1920இல் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்காமல் விலகினார், பிறகு திரும்பிச் சேர்ந்தார். 1927இல் சேலத்தில் நடந்த காங்கிரஸ் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அந்தக் காங்கிரஸ் மேடையிலேயே பார்ப்பனரல்லாதாருக்கு வகுப்புவாரி உரிமை வேண்டும் என்று எடுத்துரைத்தார்! எந்தக் கொள்கைக்காகப் பெரியார் 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினாரோ, அதே கொள்கைக்கு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பெரியாரிடம் அவருக்கு மதிப்பும் நட்பும் இருந்தன. தம் வீட்டிலே, கண்பார்வையற்ற, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த இராமையா தேசிகர் என்ற துறவியை வைத்து உணவளித்தார். சுற்றத்தார் முகம் சுளித்தபோதும் அனுப்பிவைக்கவில்லை. சட்டையில் எந்தக் கட்சிக் கொடி குத்தியிருந்தாலும், உள்ளே இருந்த உள்ளம் யாருடையது என்று நாம் அறிவோம்.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத அவர் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பகைத்தது ஆட்சியை, வெள்ளைத் தோலை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கோவில்பட்டியில் வழக்காடினார். 1932இல் மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார். அதே கடல், அதே துறை. கப்பல்தான் அவருடையது அல்ல. 1936 நவம்பர் 18ஆம் நாள், அவர் விரும்பியபடியே, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அவர் எழுதிவைத்துச் சென்ற உயிலைப் பார்த்தவர்கள் கண்கலங்குவார்கள். எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு பாக்கி, துணிக்கடைக்கு இவ்வளவு பாக்கி என்று சில்லறைக் கடன்கள் அதில் வரிசையாக இருந்தன. கப்பல் வாங்கிய மனிதர் கடைப் பாக்கியோடு கண்மூடினார்.

அவருடைய பாக்கியை அவர் எழுதிவைத்தார். நம்முடைய பாக்கி?

கப்பல் கணக்குக்குத் திரும்புவோம். அவர் தோற்றார் என்று சொல்கிறவன் பாதிக் கணக்குப் பார்க்கிறவன். அவருடைய வாழ்க்கை நமக்கு நான்கு உண்மைகளைச் சொல்லுகிறது.

முதல் உண்மை: புதிய கப்பல் பயணம் முதல் நாளிலேயே இலாபம் தராது. நட்டம் தாங்கும் தோள் ஒன்று வேண்டும். 1907இல் அந்தத் தோள் 25 ரூபாய்ப் பங்காளிக்கு இல்லை, அரசோ பகை. 2011இல் அரசு பகையல்ல. ஆனால் கொடியசைத்த கை, கணக்கிலே கைவைக்கவில்லை. தனியாரிடம் விட்டார்கள், தனியார் ஐந்து மாதம் பார்த்தார், போய்விட்டார். ஊருக்குப் பேருந்து விடும்போது முதல் நாள் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று பார்த்தா தொடர்வதும் நிறுத்துவதும்? மலையூருக்குப் பேருந்து ஓடுவது இலாபத்துக்கா? கடல்வழியையும் மக்கள் வழி என்று கருதினால், முதல் சில ஆண்டு நட்டத்தை அரசு தாங்கத்தான் வேண்டும்.

இரண்டாவது உண்மை: யாருக்காகக் கப்பல் என்பது தெளிவாக வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றுலாவால் ஊருக்கு வருவாய் உண்டு, வேலையும் உண்டு. ஆனால் சொகுசுக் கப்பல் விருந்தாளி மாதிரி. வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் கேட்கமுடியாது. பருவம் பார்த்து வரும், இலாபம் வேறெங்கோ தெரிந்தால் திரும்பிவிடும். தூத்துக்குடியை வாழவைப்பது எட்டணாக் கப்பல்தான். மூட்டையோடு போகிற சிறுவணிகன், உறவைப் பார்க்கப் போகிற முதியவள், மலையகத்திலே வாழும் சொந்தத்தைத் தேடிப் போகிறவன், இவர்களுக்கேற்ற கட்டணமும் மூட்டைக்கு இடமும் இருந்தால் கப்பல் நிற்கும். அவர்களை மறந்தால் கப்பல் மிதக்கும், ஆனால் ஓடாது.

மூன்றாவது உண்மை: இரவல் கலத்தை நம்பாதே. நாகப்பட்டினத்தைப் பாருங்கள். 2023 அக்டோபர் 14ஆம் நாள் அங்கிருந்து காங்கேசன்துறைக்குச் செரியாபாணி என்ற கப்பல் விடப்பட்டது. சில நாளிலே பருவமழை, பயணம் நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது நமக்குப் புதிய செய்தியா? பாட்டன் காலத்து மீனவனுக்குத் தெரிந்த செய்தி! பருவத்தை எண்ணி நாள்குறிக்கவேண்டும், பருவத்தைத் தாங்கும் கலம் வாங்கவேண்டும், அதைச் செலுத்த நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும். 1906 விதிகளில் சிதம்பரனார் எழுதிவைத்த பயிற்சி இதுதான். இன்று கப்பலில் வேலை தேடி நம் பிள்ளைகள் கண்ட ஏஜெண்டிடமெல்லாம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறார்களே, அந்த விதி நடைமுறைக்கு வந்திருந்தால் ஏமாறுவார்களா?

நான்காவது உண்மை: கடலின் சாவி யார் கையில்? அன்று இலண்டனில் இருந்தது. இன்று? பெருந்துறைமுகமும் கடற்கப்பல் போக்குவரத்தும் நடுவண் அரசின் பட்டியலில் உள்ளன. தூத்துக்குடித் துறை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதன் சாவி தில்லியில் இருக்கிறது. வெள்ளையனும் தில்லியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சாவி தூரத்தில் இருந்தால் கதவு திறக்கத் தாமதமாகும் என்று சொல்கிறோம். 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் தொடங்கிவைத்த சேதுக் கால்வாய்த் திட்டம் என்ன ஆயிற்று? வழக்கில் சிக்கி முடங்கிற்று. கால்வாயும் இல்லை, கப்பலும் இல்லை. கொழும்புக்கு ஒரு பயணிக் கப்பல் விடத் தமிழ்நாடு அரசு எத்தனை அலுவலகப் படி ஏறவேண்டும்? மாநில உரிமை என்று நாம் பேசும்போது ஏதோ ஏட்டுச் சண்டை என்று எண்ணுகிறவர்கள், தூத்துக்குடிக் கரையில் கப்பலுக்கு நிற்கிற அந்த மூட்டைக்காரனைப் பார்க்கட்டும். மாநில உரிமை என்பது அவன் கையில் இல்லாத அந்த டிக்கெட்!

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வருகிறது. மாலை போடுகிறோம். நவம்பர் 18 வருகிறது. மீண்டும் மாலை. போடவேண்டியதுதான். 150ஆம் பிறந்த ஆண்டில் நம் அரசு அவருக்குச் செய்த சிறப்புகளை நாடறியும். ஆனால் அந்த மனிதர் மாலைக்காகச் செக்கிழுக்கவில்லை. தமிழன் தன் துறையிலிருந்து தன் கலத்தில் ஏறிப்போகவேண்டும் என்பதற்காக இழுத்தார்.

ஆகவே கழகத் தோழர்களுக்கும், துறைமுகத் தொழிலாளத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. அடுத்தமுறை கப்பல் விடப்போகிறோம் என்று யார் வந்து சொன்னாலும் கைதட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். முதல் ஆண்டு நட்டம் யாருக்கு? டிக்கெட் விலை என்ன? கப்பல் சொந்தமா, இரவலா? அதில் எத்தனை நம் பிள்ளைகளுக்கு வேலை? நான்குக்கும் விடை வந்தால் மாலை வாங்கிக்கொண்டு நாமே முன்னால் நிற்போம். விடை வராவிட்டால், அது இலவசக் குடை. மழைக்குக்கூட உதவாது.

எண்ணெய்க் கடைப் பாக்கியை மறைக்காமல் எழுதிவிட்டுப் போனார் அவர். அவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி ஒரு கப்பல். கணக்கு இன்னும் மூடவில்லை.